கரண்ட்டில் இரும்பு காய்ச்சலாமா?

"சார், இந்தக் கொத்துல வெட்டறதுக்குக் கையிலயே புடுங்கிப் போட்டர்லாமுங்க."

ரெண்டு வருஷம் முன்னால ஒரு ஐப்பசி மாசம். தென்னைக்கு இடையில் போட்டிருந்த தட்டைப்பயறுக்குக் களை வெட்ட வந்த அம்மா ஒருவர், களைக்கொத்தை வரப்பில் போட்டுவிட்டுச் சொன்னது இது. கொத்து புதுசு. டவுனில் கடையில் வாங்கி ஒரு மாசம்கூட ஆகவில்லை. எடுத்துப் பார்த்தேன். முனை தகரம் மாதிரி மடங்கியிருந்தது. அரம் வைத்து இழுத்தால் வெண்ணெய் மாதிரி இழுபட்டது. கிரைண்டரில் பிடித்துக் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் மறுபடியும் மொக்கை.

நம்மைப் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. களைக்கொல்லி அடிக்கிறவருக்குக் கொத்து எப்படி இருந்தால் என்ன? நமக்குக் கொத்துதான் களைக்கொல்லி. மூடாக்குக்குக் கிளைரிசிடியா வெட்ட, சணப்பை அறுக்க, மட்டை கழிக்க என்று எல்லாமே கைக்கருவியில்தான் ஓடுகிறது. கூலி ஆள் கிடைப்பதே அபூர்வம். வந்தவர் கையில் மொக்கைக் கருவியைக் கொடுத்தால், அரை நாள் கூலி மண்ணில் போகிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். முப்பத்தாறு வருஷம் வங்கியில் கணக்குப் பார்த்தவன், இந்தக் கணக்கை மட்டும் ஓய்வு பெற்று விவசாயத்துக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

எங்கள் ஊரில் ஒரு ஆசாரியார் இருக்கிறார். இப்போது எண்பதை நெருங்குகிறார். அவர் காய்ச்சி அடித்த கொடுவாள் என் அப்பா காலத்தில் இருந்து எங்கள் வீட்டில் இருக்கிறது, இன்னும் முனை மடங்கவில்லை. ஆனால் அவருடைய உலை அணைந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கரி விலை ஒரு காரணம். பொள்ளாச்சி, காங்கயம் பக்கத்துச் சிரட்டைக் கரி இன்றைக்கு ஆக்டிவேட்டட் கார்பன் ஆலைக்குப் போகிறது. ஆலைக்காரர் கொடுக்கிற விலையைக் கொடுத்து அருவா அடித்தால் அருவாளை யார் வாங்குவது? துருத்தி ஊதவும் சம்மட்டி அடிக்கவும் கூட ஆள் இல்லை என்பது இன்னொரு காரணம்.

மூன்றாவது காரணம் நான். 1990களில் நான் எங்கள் பகுதிக் கிளை ஒன்றில் கடன் பிரிவில் இருந்தேன். இதே ஆசாரியார் கரண்ட் ஊதுலையும், ஒரு சின்ன பவர் ஹேமரும் வாங்கக் கடன் கேட்டு வந்தார். தொகை இருபதாயிரத்துக்குள்தான். பட்டறையை நேரில் போய்ப் பார்த்தேன், டீ கொடுத்தார், குடித்தேன். பிறகு "தொழிலுக்கு எதிர்காலம் இல்லை, திருப்பிச் செலுத்தும் திறன் ஐயத்துக்குரியது" என்று குறிப்பு எழுதி அனுப்பினேன். அவருடைய மகன் கோயமுத்தூர் பக்கம் பம்ப் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டார். நான் எழுதியது பலித்தது என்றும் சொல்லலாம். நான் எழுதியதால் பலித்தது என்றும் சொல்லலாம்.

அதனால்தான் கரண்ட்டில் இரும்பைக் காய்ச்சிப் பார்க்கலாமே என்று இறங்கினேன். இரண்டு வருஷத்தில் கற்றுக்கொண்டதை, கெடுத்துக்கொண்டதையும் சேர்த்து, எழுதுகிறேன். எஞ்சினியர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கரண்ட் ஏன் சுடுகிறது?

தோட்டத்தில் மோட்டார் வைத்திருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. ஸ்டார்ட்டரில் ஒரு ஸ்குரூ லூஸாக இருந்தால் அந்த இடம் மட்டும் கருகிப்போகும், மற்ற இடத்தில் ஒயர் ஜில்லென்று இருக்கும். கரண்ட் எல்லா இடத்திலும் ஒரே அளவுதான் ஓடுகிறது. தடை அதிகமாக உள்ள இடத்தில் சூடு அதிகம், அவ்வளவுதான். ஜூல் என்கிற இங்கிலாந்துக்காரர் 1840களில் இதை அளந்து கணக்காகவே போட்டுவிட்டார். ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி, தடையால் பெருக்கி, நேரத்தால் பெருக்கினால் வருவது சூடு. ஆம்பியர் இரண்டு முறை பெருக்கப்படுவதைக் கவனியுங்கள். ஆம்பியர் இரட்டிப்பானால் சூடு நாலு மடங்கு. வோல்டேஜ் இறங்கி, மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும்போது காயில் எரிவது இதனால்தான்.

தடை உலோகத்துக்கு உலோகம் மாறும். செம்பை விட இரும்புக்கு சுமார் ஆறு மடங்கு. அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் இவற்றில் இருக்கும் நைக்ரோம் கம்பிக்கு செம்பைப் போல அறுபது மடங்குக்கு மேல். இரும்பில் இன்னொரு குணமும் உண்டு. சூடாகச் சூடாக அதன் தடையே ஏறிக்கொண்டு போகும். செக்கச்சிவந்த இரும்பின் தடை, குளிர்ந்த இரும்பைப் போல ஏழு மடங்கு. இது பிறகு நமக்குத் தேவைப்படும்.

எவ்வளவு கரண்ட் ஆகும்? ஒரு கிலோ இரும்பை 850 டிகிரிக்குச் சிவக்கவைக்க சுமார் 550 கிலோ ஜூல் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3600 கிலோ ஜூல். அதாவது 0.15 யூனிட்! முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மூன்று தடவை சரிபார்த்தேன். கணக்கு சரிதான். நடைமுறையில்தான் காற்றுக்கும் செங்கல்லுக்கும் போகிற சூடு அதைவிடப் பல மடங்கு. அந்த வீணைக் குறைப்பதில்தான் வேலை முழுக்க இருக்கிறது.

மூன்று வழிகள்

முதல் வழி, கம்பிச் சுருளைச் சூடாக்கி அந்த அனலில் இரும்பை வைப்பது. இதுதான் கரண்ட் உலை. இரண்டாவது, இரும்புத் துண்டையே கம்பியாக நினைத்து அதன் வழியே கரண்ட்டை விடுவது. மூன்றாவது, தொடாமலே காந்தத்தால் சூடாக்கும் இண்டக்ஷன்.

இரண்டாவது வழியை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதை நான் சிபாரிசு செய்யவில்லை. 12 மி.மீ. தடிமனில் ஒரு அடி நீளக் கம்பியைச் சிவப்பாக வைத்திருக்க வெறும் இரண்டரை வோல்ட் போதும். ஆனால் ஆம்பியர் எண்ணூறு வேண்டும்! அதற்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர், கை மொத்தத்துக்குச் செம்புப் பட்டை எல்லாம் தேவை. ரிவெட் ஆணிகளை இப்படிச் சூடாக்கும் மெஷின்கள் தொழிற்சாலைகளில் இருந்தன. ஒரே மொத்தமாக உள்ள துண்டுக்கு இது நல்ல வழி. அருவாளுக்கு ஆகாது. அருவாள் ஒரு பக்கம் தடிமன், நுனி மெலிசு. மெலிசான இடத்தில் தடை அதிகம், சூடும் அங்கேதான் ஏறும். சூடு ஏறினால் தடை இன்னும் கூடும், தடை கூடினால் சூடு இன்னும் ஏறும். அடிப்பகுதி கறுப்பாக இருக்கும்போதே நுனி உருகிச் சொட்டிவிடும்.

இதற்காகப் பழைய மைக்ரோவேவ் அடுப்பைப் பிரித்து அதிலிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது இரண்டாயிரம் வோல்ட் சமாச்சாரம். தொட்டவர்கள் பிழைத்தது அபூர்வம். வெல்டிங் செட்டின் இரண்டு முனையையும் கம்பியில் கவ்வவிட்டுச் சூடாக்குவதையும் நம் பக்கம் பார்க்கலாம். அவசரத்துக்குத் துருப்பிடித்த நட்டைக் கழற்ற ஓடும். தொடர்ந்து செய்தால் செட் போய்விடும்.

சரி, முதல் வழி. கரண்ட் உலை என்பது இன்சுலேஷன் செங்கல்லால் ஒரு பெட்டி, உள்சுவரில் காடி வெட்டி அதில் ஹீட்டர் கம்பி, ஒரு வெப்ப அளவி, ஒரு கன்ட்ரோலர். நான் வைத்திருப்பது 2000 வாட். 1.3 மி.மீ. கான்தால் கம்பி 24 மீட்டர், ரிஞ்சு போட்டுச் சுருளாகச் சுற்றியது. மெலிசான கம்பி என்றால் நீளம் குறைவாகப் போதும், விலையும் மிச்சம் என்று முதலில் 1 மி.மீ. கம்பி 14 மீட்டர் போட்டேன். வாட் அதே 2000தான். ஆனால் அத்தனை சூடும் குறைந்த மேல்பரப்பில் இருந்து வெளியே போயாக வேண்டும். கம்பி நாலு தடவைக்கு மேல் தாங்கவில்லை, அறுந்துவிட்டது. சிக்கனம் என்று நாம் செய்கிற பல காரியம் இப்படித்தான் முடிகிறது.

உலைக்குள் இருக்கும் கம்பியில் ஓடுவது வீட்டு 230 வோல்ட். அதன் மேல் உறை கிடையாது. கதவைத் திறந்து குறடால் அருவாளை எடுக்கும்போது குறடு அந்தக் கம்பியில் பட்டால் ஆள் அவ்வளவுதான். கதவு திறந்தால் கரண்ட் தானாக அறுபடும்படி ஒரு சுவிட்ச் வைத்தே ஆக வேண்டும். கன்ட்ரோலரை மட்டும் நம்பக் கூடாது. எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இரண்டும் இல்லாமல் உலையைத் தொடாதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் செய்யுங்கள், நானும் அப்படித்தான் செய்தேன்.

இந்த உலை 830 டிகிரிக்கு ஏற ஒன்றரை மணி நேரம் எடுக்கிறது. மூன்று யூனிட் போய்விடும். ஒரே ஒரு கொத்துக்காகப் பற்றவைத்தால் நஷ்டம். எட்டுப் பத்துக் கருவியைச் சேர்த்துவைத்து, ஒரே நாளில் போட்டால் கட்டுபடியாகும். அக்கம்பக்கத்துத் தோட்டத்தாரும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

இண்டக்ஷன் என்னும் சூனியம்

எனக்குப் பிரியமானது மூன்றாவது வழிதான், அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இண்டக்ஷன் அடுப்பு பார்த்திருப்பீர்கள். அடுப்பு சுடுவதில்லை, பாத்திரம் சுடுகிறது. ஃபாரடே 1831ல் கண்டுபிடித்த விஷயத்தின் பேரன் அது. செம்புச் சுருளில் திசை மாறி மாறிக் கரண்ட் ஓடினால் சுற்றிலும் காந்தப்புலம் மாறி மாறித் துடிக்கும். அந்தத் துடிப்புக்குள் ஒரு இரும்பை நீட்டினால், இரும்புக்குள்ளேயே சுழல் சுழலாகக் கரண்ட் கிளம்பும். அப்புறம் ஜூல் சொன்ன கணக்குத்தான், இரும்பு தன் கரண்ட்டில் தானே வேகிறது. வீட்டுக் கரண்ட் விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய் வருகிறது. என்னிடம் இருக்கும் சின்ன போர்டில் விநாடிக்கு லட்சம் தடவைக்குப் பக்கம் போய் வருகிறது. கோயமுத்தூர் பவுண்டரிகளில் டன் கணக்கில் இரும்பு உருக்கும் இண்டக்ஷன் உலைக்கும் இதே தத்துவம்தான். அங்கே குப்போலா உலைகள் பலவும் போய் இது வந்துவிட்டது. மோட்டார் ரீவைண்டிங் கடையில் பேரிங்கை இறக்க 110 டிகிரிக்குச் சூடேற்றுகிறார்களே, அந்த ஹீட்டரும் இதே குடும்பம்தான்.

என் போர்டு, 48 வோல்ட் பவர் சப்ளை, 6 மி.மீ. செம்புக் குழாயில் சுற்றிய சுருள், குழாய்க்குள் தண்ணீர் ஓட ஏர்கூலர் பம்ப், ஒரு பக்கெட். மொத்தமாக எட்டாயிரத்துக்குள் முடிந்தது. போர்டில் ஆயிரம் வாட் என்று எழுதியிருக்கும். அதில் பாதிதான் வேலைக்கு ஆகிறது. ஆனால் பத்து மி.மீ. கம்பியின் நுனியை உள்ளே நீட்டினால் ஒரு நிமிஷத்தில் இரண்டு அங்குலம் செக்கச்சிவந்துவிடும். கையில் பிடித்திருக்கும் மறுமுனை வெதுவெதுப்புத்தான். புகை இல்லை, கரி இல்லை. முதல் தடவை பார்த்த என் பேத்தி "தாத்தா, மந்திரமா?" என்றாள். மந்திரம்தான் என்று சொல்லிவிட்டேன். மனைவி மட்டும் கரண்ட் பில் எவ்வளவு என்று கேட்டார்.

தோய்ச்சலுக்கு இது ஏன் உகந்தது என்பதைச் சொல்ல வேண்டும். கூர்மை வேண்டியது விளிம்பில் மட்டும்தான். அருவாளின் முதுகு உறுதியாக இருந்தாலும் வளைந்துகொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கல்லில் பட்டதும் ஒடியும். இண்டக்ஷனில் சூடு மேல்தோலில்தான் பிறக்கிறது. குளிர்ந்த இரும்பில், இந்த வேகத்தில், பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட இல்லை. சிவந்த பிறகு ஒன்றரை மில்லிமீட்டருக்கு இறங்கும். மீதி உள்ளே பரவுகிற சூடு. சீக்கிரம் எடுத்தால் தோல் மட்டும், பொறுத்து எடுத்தால் முழுசும்.

இன்னொரு வசதியை நான் தற்செயலாகக் கண்டேன். இரும்பு 770 டிகிரியில் காந்தத்தில் ஒட்டும் குணத்தை இழந்துவிடும். அந்தக் காலத்தில் ஆசாரிகள் நிறத்தைப் பார்த்தே அறிந்த இடம் இதை ஒட்டித்தான் இருக்கிறது. இண்டக்ஷனில் அந்த நொடியில் இரும்புக்கும் சுருளுக்கும் உள்ள பிடிப்பு தளர்ந்துவிடுகிறது. என் மீட்டரில் 14 ஆம்பியர் காட்டிக்கொண்டிருந்த முள் சட்டென்று 9, 10க்கு இறங்கும். இறங்கியதும் மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு எடுத்தால், தோய்ச்சல் பதத்துக்கு வந்திருக்கும்.

தண்ணீர் ஓடாமல் ஒரு நிமிஷம்கூடப் போடாதீர்கள். பம்ப் பிளக்கை மறந்துவிட்டு ஒரு நாள் ஓட்டினேன். குழாய்க்குள் இருந்த தண்ணீர் கொதித்துப் பீச்சி அடித்தது, போர்டு கருகிவிட்டது. கையில் இருக்கும் மோதிரம், காப்பு, வாட்ச் எல்லாம் கழற்றிவிட வேண்டும், அதுவும் உலோகம்தானே. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலேயே வரக் கூடாது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை எந்த வழியிலும் காய்ச்சாதீர்கள். அந்த வெள்ளைப் புகையை முகர்ந்தால் ராத்திரி குளிர் காய்ச்சல் வரும்.

தோய்ச்சல்

சிவக்கவைப்பது பாதி வேலைகூட இல்லை என்று எனக்குத் தெரியாது. முதல் களைக்கொத்தைச் சிவக்கவைத்துப் பக்கெட் தண்ணீரில் முக்கினேன். சுர்ரென்று சத்தம், சந்தோஷம். அரம் வைத்துப் பார்த்தால் வழுக்கியது, கண்ணாடி மாதிரி கெட்டி. மறுநாள் காட்டில் முதல் கல்லிலேயே முனை கட்டித் தயிர் மாதிரி உடைந்து விழுந்தது. அடுத்ததில் தண்ணீரில் முக்கும்போதே டிக் என்று ஒரு சத்தம், விளிம்பில் மயிரிழைக் கீறல்.

வெட்கத்தை விட்டு ஆசாரியார் வீட்டுக்குப் போனேன். பழைய கடன் விஷயத்தை அவர் எடுக்கவில்லை, நானாகத்தான் எடுத்தேன். "அதெல்லா இருக்கட்டுமுங்க மேனேஜர். நீங்க காய்ச்சுனது சரி. எதுல முக்குனீங்க?" என்றார். தண்ணீர் என்றேன். "எந்த எரும்பு?" என்றார். கடைக் கொத்து என்றேன். சிரித்தார்.

மறுநாள் மகனுடைய பைக்கில் தோட்டத்துக்கே வந்துவிட்டார். சுருளுக்குள் கம்பி சிவப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "வெளிச்சம் ஜாஸ்தி. நெறம் தெரியாதுங்க, பொழுது சாயட்டும்" என்று சொல்லித் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். வெயிலில் செர்ரிப் பழச் சிவப்பு கறுப்பாகத் தெரியும், நாம் இன்னும் சுட வேண்டும் என்று நினைத்துச் சுட்டு இரும்பைக் கெடுத்துவிடுவோம் என்பது அன்றைக்குப் புரிந்தது. என் மீட்டர் முள்ளைக் காட்டி விளக்கினேன். முள் இறங்குவதும் அவர் "இப்ப" என்று சொல்வதும் ஒரு மூச்சு இடைவெளிக்குள் இருந்தன. ஏழு தடவை பார்த்தோம். ஏழு தடவையும் அவர் மீட்டர் பக்கம் திரும்பவே இல்லை.

அன்று அவர் சொல்லிக்கொடுத்ததையும், பிறகு நான் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். இரும்பு தோய்ச்சல் ஏற்பதற்கு அதில் கரிச்சத்து வேண்டும். கட்டடத்துக்குப் போடும் டி.எம்.டி. கம்பியில் அது குறைவு. அதன் பலமே ஆலையில் மேல்தோலைக் குளிரவைத்ததில் வருவது, நாம் சிவக்கவைத்தால் அதுவும் போய்விடும். அதில் பாரை செய்து தேங்காய் உரித்தால் வாரத்தில் வளைந்துவிடும். கடையில் விற்கும் மலிவுக் கொத்தின் கதையும் பெரும்பாலும் இதுதான். லாரிப் பட்டையில் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் கரிச்சத்து உண்டு, கொத்து, கொடுவாள், மண்வெட்டி எல்லாவற்றுக்கும் அருமையான இரும்பு. தேய்ந்த அரத்தில் ஒரு பங்குக்கும் மேல், அது கத்திக்கு. பழைய இரும்புக் கடையில் கிலோக் கணக்கில் கிடைக்கிறது.

லாரிப் பட்டையை எண்ணெயில்தான் முக்க வேண்டும். தண்ணீர் மிக வேகமாகக் குளிர்விக்கும், கீறல் விடும். நாங்கள் வெதுவெதுப்பான கடலை எண்ணெய் வைத்திருக்கிறோம், கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே. பொள்ளாச்சிக்காரனாக இருந்துகொண்டு தேங்காய் எண்ணெயை விட்டுவிட்டானே என்று நினைக்காதீர்கள், மார்கழியில் அது கட்டிப்போய்விடுகிறது. இரும்பை நேராக, விளிம்பு கீழே இருக்கும்படி இறக்க வேண்டும். எண்ணெய் ஒரு நொடி தீப்பிடிக்கும். மூடி ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும், தண்ணீர் ஊற்றி அணைக்கக் கூடாது. பிளாஸ்டிக் பாத்திரம் கூடவே கூடாது.

முக்கி எடுத்தது கண்ணாடி மாதிரி நொறுங்கும். என் முதல் கொத்து உடைந்தது இந்த இடத்தில்தான். மறுபடியும் கொஞ்சம் சுட்டு முறுக்கைத் தளர்த்த வேண்டும். மேல்தோலை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்துவிட்டு மெதுவாகச் சூடு ஏற்றினால் நிறம் ஓடும். 220 டிகிரியில் வைக்கோல் மஞ்சள், 255க்குப் பக்கம் பழுப்பு, 280ல் கத்தரிப்பூ, 300ஐ ஒட்டி நீலம். அருவாளுக்கும் கத்திக்கும் மஞ்சளுக்கும் பழுப்புக்கும் நடுவே. கல்லில் மோதும் களைக்கொத்துக்குக் கத்தரிப்பூ. தேங்காய் உரிக்கிற பாரைக்கு நீலத்தைத் தொட்டு நிறுத்தலாம். அருவாள், கத்திக்கு நான் வீட்டு ஓ.டி.ஜி. அவனில் 230 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துவிடுகிறேன். அன்றைக்கு வீட்டில் கேக் கிடையாது.

இந்த நிறக் கணக்கு தெரிந்த பிறகுதான் என் பழைய தப்பும் பிடிபட்டது. கிரைண்டரில் கருவியைத் தீட்டும்போது விளிம்பு நீலமாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே தோய்ச்சல் இளகிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கருவி அன்றைக்குக் கூராக இருக்கும், மறுநாள் மொக்கை. எங்கள் தோட்டத்தில் கெட்டுப்போன கருவிகளில் பலதும் நான் கிரைண்டரில் கெடுத்தவைதான். இப்போது கிரைண்டரை உருவம் கொண்டுவர மட்டும் தொடுகிறேன், அதுவும் அடிக்கடி தண்ணீரில் நனைத்து. தீட்டுவது அரத்திலும் சாணைக்கல்லிலும்தான். இண்டக்ஷன் வேண்டாம், உலை வேண்டாம் என்கிறவர்கள் இந்த ஒன்றையாவது செய்து பாருங்கள்.

எந்தக் கரண்ட்?

பலரும் கேட்பார்கள், தோட்டத்தில்தான் இலவச மின்சாரம் இருக்கிறதே, அதில் போட்டால் என்ன என்று. கூடாது. விவசாய இணைப்பு பாசனத்துக்குக் கொடுத்தது. அதில் பட்டறை ஓட்டினால் மின்சாரச் சட்டம் 2003ன் 126வது பிரிவில் அபராதம் வரும், இணைப்புக்கும் ஆபத்து. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மின் கட்டணத்தை ஏற்றியதை எதிர்த்து 1970ல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 1972ல் கோயமுத்தூரை மாட்டு வண்டிகள் அடைத்து நின்றதைக் கல்லூரிப் பருவத்தை எட்டாத பையனாக இருந்தபோது கேள்விப்பட்டவன் நான். அந்த மின்சாரத்தை எடுத்து வெல்டிங்கும் ஹீட்டரும் ஓட்டி, "பாருங்கள், இலவசத்தை எப்படி வீணடிக்கிறார்கள்" என்று சொல்ல நாமே ஆள் பிடித்துக் கொடுக்கக் கூடாது.

என் பட்டறை வீட்டு இணைப்பில் ஓடுகிறது. இண்டக்ஷனுக்குச் சாதாரண பிளக் போதும். உலைக்கு ஒன்பது ஆம்பியர் போகும், 16 ஆம்பியர் சாக்கெட்டும் தனி ஒயரும் போட்டிருக்கிறேன். மாதம் ஒரு நாள் உலை, இடையில் அவ்வப்போது இண்டக்ஷன், எல்லாம் சேர்ந்து ஐந்தாறு யூனிட். கூலிக்குச் செய்ய ஆரம்பித்தால் வேறு டாரிஃப், அதற்கு மின்வாரியத்தில் எழுதிக்கொடுத்துத் தனி இணைப்பு வாங்க வேண்டும்.

இயற்கை விவசாயிக்குக் கரண்ட் உலை தகுமா என்று ஒரு நண்பர் கேட்டார். நிலக்கரி எரித்த மின்சாரமும் கலந்துதான் வருகிறது, இல்லையென்று சொல்லவில்லை. பல்லடம், உடுமலைக் காற்றாடிகளின் மின்சாரமும் அதே கம்பியில்தான் வருகிறது. நொய்யல் கரைக் கொடுமணலில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய இரும்பு உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து இந்த மண்ணில் இரும்பைக் கரியில்தான் காய்ச்சினார்கள். மலிவாகக் கரி கிடைத்தால், ஊத ஆள் கிடைத்தால் நானும் கரிதான் சொல்வேன். கரி உலையில் இரண்டடிக் கொடுவாளை முழுசாகக் காய்ச்சி, அடித்து, உருவாக்கலாம். என் சுருளுக்குள் அது நுழையவே நுழையாது. இருக்கிற கருவியின் முனையை மீட்பதற்குத்தான் என் சாமான்கள். புதுசாக அடித்து உண்டாக்குவதற்குச் சம்மட்டி பிடித்த கை வேண்டும்.

அந்தக் கைக்குத்தான் இப்போது வழி பார்த்துக்கொண்டிருக்கிறோம். பம்ப் கம்பெனியில் இருக்கும் ஆசாரியார் மகனுக்கு அடுத்த வருஷம் ஓய்வு. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறார். உலைக்கு ஒரு பெரிய கதவு வேண்டும், இரண்டடி உள்ளளவு வேண்டும் என்று அவரே படம் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதற்கு 4000 வாட் ஆகும், வீட்டு இணைப்பு தாங்காது, தனி இணைப்புக்கு மனு எழுதியாகிவிட்டது. மனுவில் தொழிலின் பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "கொல்லுப் பட்டறைன்னே எழுதுங்க மேனேஜர்" என்றார் பெரியவர்.

போன வாரம் களை வெட்ட அதே அம்மா வந்திருந்தார். புதுக் கொத்தைக் கையில் வாங்கிக் கட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காட்டுக்குள் போனார். சாயந்திரம் போகும்போது, "இன்னொண்ணு இருந்தா குடுங்க சார், எங்க ஊட்டுக்கு வேணும்" என்றார். லாரிப் பட்டை இன்னும் மூணு அடி மிச்சம் இருக்கிறது.